பயாப்ஸி ரிப்போர்ட்டில் அந்த ஒரு வரி: அரிய வகை கருப்பை வாய்ப் புற்றுநோய் பற்றித் தெரிந்துகொள்ளுங்கள்

ராத்திரி ஒன்பது மணி. சாப்பாட்டு வேலை முடிந்து உட்காருகிறீர்கள். போனில் ஒரு மெசேஜ். லேபிலிருந்து ரிப்போர்ட் வந்திருக்கிறது. பிடிஎஃப்-ஐத் திறந்தால் ஆங்கிலத்தில் பத்துப் பதினைந்து வரி. கடைசியில் தடித்த எழுத்தில் ஒரு வரி: ‘ஸ்மால் செல் நியூரோஎண்டோகிரைன் கார்சினோமா, செர்விக்ஸ்’.

டாக்டரைப் பார்க்க இன்னும் இரண்டு நாள் இருக்கிறது. அதுவரை மனசு பொறுக்குமா? கை தானாகவே தேடுபொறிக்குப் போகிறது. அந்தப் பெயரைத் தட்டுகிறீர்கள். முதலில் வருவது சிகிச்சை பற்றிய தகவல் இல்லை. ‘ஐந்து ஆண்டு உயிர்வாழ்வு இத்தனை சதவீதம்’ என்ற ஒரு எண். அந்த எண்ணைப் பார்த்த பிறகு அன்றைய தூக்கம் போய்விடுகிறது.

இந்த ரிப்போர்ட் உங்களுக்கு வந்திருக்கலாம். உங்கள் அம்மாவுக்கோ, அக்காவுக்கோ, மனைவிக்கோ வந்திருக்கலாம். அந்த ஒரு வரிக்கு என்ன அர்த்தம், அதை எப்படி உறுதி செய்கிறார்கள், அந்தச் சதவீதத்தை எப்படிப் படிக்க வேண்டும், அடுத்த சில நாட்களில் என்ன செய்ய வேண்டும் என்பதை வரிசையாகப் பார்ப்போம்.

எல்லாக் கருப்பை வாய்ப் புற்றுநோயும் ஒன்றா?

இல்லை. கர்ப்பப்பையின் கீழ்ப்பகுதி குறுகி, பிறப்புறுப்புப் பாதையில் வந்து முடியும் இடம்தான் கருப்பை வாய். அங்கே வரும் புற்றுநோய், எந்த வகை செல்லில் தொடங்குகிறது என்பதைப் பொறுத்துப் பெயர் மாறும்.

நூறு பேருக்குக் கருப்பை வாய்ப் புற்றுநோய் இருந்தால், அதில் 70 முதல் 80 பேருக்கு வருவது ‘ஸ்குவாமஸ் செல்’ வகை. இது மேற்பரப்பிலுள்ள தட்டையான செல்களில் தொடங்குவது. சுமார் 20 பேருக்கு வருவது ‘அடினோகார்சினோமா’. இது சுரப்பிச் செல்களில் தொடங்குவது. மீதி இருப்பவை எல்லாம் அரிய வகைகள். அவற்றில் ஒன்றுதான் நியூரோஎண்டோகிரைன் வகை. நூற்றில் ஒருவர் அல்லது இருவருக்குத்தான் இது வரும். அதிலும் பெரும்பாலானவை ‘ஸ்மால் செல்’, அதாவது சிறு செல் வகை.

நூற்றில் ஒன்றுதானே என்று விட்டுவிட முடியாது. 2022ஆம் ஆண்டுக்கான உலகப் புற்றுநோய் மதிப்பீட்டின்படி, இந்தியாவில் ஓராண்டில் சுமார் 1 லட்சத்து 27 ஆயிரம் பெண்களுக்குப் புதிதாகக் கருப்பை வாய்ப் புற்றுநோய் கண்டறியப்படுகிறது. அதில் ஒரு சதவீதம் என்று கணக்குப் போட்டாலே ஆயிரம் குடும்பங்களைத் தாண்டுகிறது. ஆனால் ஒரு ஊரில், ஒரு வார்டில் பார்த்தால் ஒருவர்கூட இருக்க மாட்டார். அதனால்தான் ‘இதைப் பத்தி யாருமே சொல்லலையே’ என்று தோன்றுகிறது.

சிறு செல் வகையில் என்ன வித்தியாசம்?

மூன்று விஷயங்களை மனதில் வையுங்கள்.

முதலாவது, வேகம். சாதாரண ஸ்குவாமஸ் வகை உருவாக, முன்நிலை மாற்றங்களிலிருந்து பல ஆண்டுகள் ஆகும். சிறு செல் வகை அப்படிக் காத்திருப்பதில்லை. செல்கள் மிக வேகமாகப் பெருகுகின்றன.

இரண்டாவது, பரவும் வழி. இது சீக்கிரமே நிணநீர் முடிச்சுகளுக்கும், ரத்தத்தின் வழியாக நுரையீரல், கல்லீரல், எலும்பு, மூளை போன்ற இடங்களுக்கும் போகக்கூடியது. கருப்பை வாயில் கட்டி சின்னதாக இருந்தாலும் உடல் முழுவதையும் பரிசோதிப்பது இதனால்தான்.

மூன்றாவது, பரிசோதனையில் தப்பிவிடுவது. இந்தக் கட்டி பெரும்பாலும் மேற்பரப்புக்கு அடியில் வளரும். அதனால் பாப் ஸ்மியர் பரிசோதனையில் எதுவும் தெரியாமல் போகலாம். ‘போன வருஷம்தான் டெஸ்ட் எடுத்தேன், நார்மல்னு சொன்னாங்களே’ என்று சொல்பவர்கள் உண்டு. அவர்கள் சொல்வது பொய்யில்லை. பரிசோதனை வீண் என்றும் அர்த்தமில்லை. பரிசோதனை நன்றாகக் கண்டுபிடிப்பது மெதுவாக வளரும் பொதுவான வகைகளை. அதற்காக அதைக் கட்டாயம் செய்துகொள்ள வேண்டும். ஆனால் அறிகுறி இருக்கும்போது, பழைய நார்மல் ரிப்போர்ட்டைக் காட்டி நம்மை நாமே சமாதானப்படுத்திக்கொள்ளக் கூடாது.

இந்த வகைக்கும் பெரும்பாலும் காரணம் எச்.பி.வி. என்ற வைரஸ்தான். குறிப்பாக 18, 16 ஆகிய எண் கொண்ட வகைகள். இந்த வைரஸுக்கும் கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பைக் கண்டறிந்ததற்காகத்தான் ஜெர்மன் விஞ்ஞானி ஹரால்டு சூர் ஹவுசனுக்கு 2008இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. இது மிகப் பெரும்பாலானோர் வாழ்நாளில் ஒருமுறையாவது எதிர்கொள்ளும் வைரஸ். பலருக்குத் தானாகவே போய்விடும். சிலருக்குத் தங்கிவிடும். ஆகவே ‘இது எப்படி வந்தது, யாரால் வந்தது’ என்று வீட்டில் யாரையும் விரல் நீட்டுவதில் நியாயமும் இல்லை, பயனும் இல்லை.

எந்த அறிகுறியைத் தள்ளிப்போடக் கூடாது?

* மாதவிலக்கு அல்லாத நாட்களில் ரத்தப்போக்கு
* தாம்பத்திய உறவுக்குப் பிறகு ரத்தம்
* மாதவிலக்கு நின்று ஓராண்டு ஆன பிறகு மறுபடி ரத்தம், ஒரு சொட்டு என்றாலும்
* துர்நாற்றத்தோடு அல்லது ரத்தம் கலந்து வெள்ளைப்படுதல்
* குறையாத இடுப்பு வலி, ஒரு கால் மட்டும் வீங்குவது

இவற்றில் பெரும்பாலானவை புற்றுநோய் அல்லாத காரணங்களாலும் வரலாம். அதை முடிவு செய்ய வேண்டியவர் டாக்டர். அதுவும் கேட்டுவிட்டு மட்டும் இல்லை, கருப்பை வாயைக் கருவி வைத்து நேரில் பார்த்துவிட்டு.

இங்கே ஒரு முக்கியமான எச்சரிக்கை. நம் ஊர்ப்பக்கம் அதிக ரத்தப்போக்கு என்றாலே, ‘குழந்தைங்க எல்லாம் பெரிசாயிடுச்சு, கர்ப்பப்பையை எடுத்துடலாமே’ என்ற பேச்சு சுலபமாக வந்துவிடும். கருப்பை வாயைப் பார்க்காமல், தேவைப்பட்டால் திசு எடுத்துச் சோதிக்காமல், கர்ப்பப்பையை எடுக்க ஒப்புக்கொள்ளாதீர்கள். உள்ளே புற்றுநோய் இருந்து, அது தெரியாமல் சாதாரண ஆபரேஷன் செய்துவிட்டால், பிறகு வரும் சிகிச்சை சிக்கலாகிவிடும். ஏற்கெனவே எடுத்தாயிற்று என்றால், எடுத்த கர்ப்பப்பையைப் பரிசோதனைக்கு அனுப்பினார்களா, அதன் ரிப்போர்ட் எங்கே என்று கேட்டு வாங்குங்கள்.

நோயை எப்படி உறுதி செய்கிறார்கள்?

கட்டியிலிருந்து சின்னத் துண்டு எடுப்பதுதான் பயாப்ஸி. அதை மெழுகில் பதித்து, மெல்லிய சீவல்களாக வெட்டி, சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள். சிறு செல் வகை என்றால் செல்கள் சின்னதாக, நெருக்கமாக, ஒன்றை ஒன்று அழுத்திக்கொண்டு நிற்கும். செல்லின் நடுவே உள்ள கரு, உப்பும் மிளகும் தூவியதுபோலத் தெரியும்.

ஆனால் கண்ணால் பார்ப்பது மட்டும் போதாது. வேறு சில புற்றுநோய்களும் ஏறக்குறைய இப்படியே தெரியலாம். அதனால் அடுத்த கட்டமாக ‘இம்யூனோஹிஸ்டோகெமிஸ்ட்ரி’ என்ற சோதனை செய்வார்கள். ரிப்போர்ட்டில் ஐ.எச்.சி. என்று சுருக்கமாகப் போட்டிருக்கும். செல்லில் குறிப்பிட்ட புரதங்கள் இருக்கிறதா என்று சாயம் போட்டுப் பார்க்கும் சோதனை இது. ‘சினாப்டோஃபைசின்’, ‘குரோமோகிரானின்’, ‘சிடி56’ போன்ற பெயர்களுக்கு எதிரே பாசிட்டிவ் என்று இருந்தால், அது நியூரோஎண்டோகிரைன் வகை என்பதற்கு ஆதாரம். ‘கேஐ 67’ என்ற வரியில் ஒரு சதவீதம் இருக்கும். அது எத்தனை செல்கள் பெருகும் வேலையில் இருக்கின்றன என்பதைக் காட்டும். இந்த வகையில் அந்த எண் பொதுவாக மிக அதிகமாக இருக்கும். அதைப் பார்த்துத் தனியாகக் கலங்க வேண்டாம். அந்த எண் உயிர்வாழ்வுச் சதவீதம் இல்லை.

சில சமயம் ஒரே கட்டியில் இரண்டு வகை கலந்திருக்கும். உதாரணமாக, சிறு செல்லும் அடினோகார்சினோமாவும் சேர்ந்து. அப்போதும் சிகிச்சையைத் தீர்மானிக்கும்போது சிறு செல் பகுதியைத்தான் முக்கியமாக எடுத்துக்கொள்வார்கள்.

இதனால்தான் உங்கள் ரிப்போர்ட்டில் ‘கார்சினோமா’ என்று மட்டும் இருந்தால், அடுத்த கேள்வி கேளுங்கள்: “டாக்டர், இது எந்த வகை? ஐ.எச்.சி. பண்ணியாச்சா?” பெயர் மாறினால் சிகிச்சையே மாறுகிறது. இந்தக் கட்டுரையில் நீங்கள் ஒன்றே ஒன்றை நினைவில் வைப்பதாக இருந்தால், இந்தக் கேள்வியை வையுங்கள்.

இது அரிய வகை என்பதால், புற்றுநோய்த் திசுக்களைப் பார்ப்பதில் அனுபவமுள்ள பெரிய மையத்தில் ஸ்லைடுகளை இன்னொரு முறை பார்க்கச் சொல்வது நல்லது. அதற்கு மறுபடி பயாப்ஸி எடுக்க வேண்டும் என்பதில்லை. முதலில் சோதித்த லேபில் கண்ணாடி ஸ்லைடுகளையும் மெழுகு பிளாக்கையும் எழுதிக் கொடுத்து வாங்கிக்கொள்ளலாம். பிளாக்கை வெயிலில், சூடான வண்டியில் வைக்காதீர்கள். உருகிவிடும்.

எந்த நிலை என்று எப்படிச் சொல்கிறார்கள்?

வகை தெரிந்த பிறகு, எங்கே வரை போயிருக்கிறது என்று பார்ப்பார்கள். இதுதான் ஸ்டேஜ். உலகம் முழுக்க மகப்பேறு மருத்துவர்கள் பயன்படுத்தும் ‘ஃபிகோ’ முறையில் இப்படிப் பிரிக்கிறார்கள்:

நிலை 1: கட்டி கருப்பை வாய்க்குள்ளேயே இருக்கிறது.
நிலை 2: கருப்பையைத் தாண்டிப் பக்கத்தில் பரவியிருக்கிறது. ஆனால் இடுப்புச் சுவர் வரை போகவில்லை.
நிலை 3: இடுப்புச் சுவர் அல்லது பிறப்புறுப்புப் பாதையின் கீழ்ப்பகுதி வரை போயிருக்கிறது, அல்லது சிறுநீரகத்தைப் பாதித்திருக்கிறது, அல்லது நிணநீர் முடிச்சுகளில் இருக்கிறது.
நிலை 4: சிறுநீர்ப்பை, மலக்குடல் அல்லது தூரத்து உறுப்புகளுக்குப் போயிருக்கிறது.

2018இல் இந்த முறையைத் திருத்தியபோதுதான், ஸ்கேனில் தெரியும் நிணநீர் முடிச்சுப் பரவலையும் நிலை 3இல் சேர்த்தார்கள். ஆகவே பழைய கட்டுரைகளில் ‘நிலை 1’ என்று சொல்லப்பட்ட சிலர், இன்றைய கணக்கில் நிலை 3 ஆக இருப்பார்கள். பழைய எண்களோடு இன்றைய ரிப்போர்ட்டை ஒப்பிடும்போது இதை மறக்க வேண்டாம்.

இடுப்புப் பகுதிக்கு எம்.ஆர்.ஐ., உடல் முழுக்கப் பார்க்கப் பெட்-சிடி ஸ்கேன், ரத்தப் பரிசோதனைகள் ஆகியவை வழக்கமாகச் சொல்லப்படுபவை. நுரையீரலிலோ கல்லீரலிலோ பரவல் தெரிந்தால், அல்லது தலைவலி, பார்வை மங்கல் போன்ற அறிகுறி இருந்தால், மூளைக்கும் ஸ்கேன் எடுப்பார்கள். ஸ்கேன் தேதிக்குக் காத்திருக்கும்போது, “இது சிறு செல் வகை, சீக்கிரம் தேதி கிடைக்குமா?” என்று கேளுங்கள். இந்த நோயில் வாரக் கணக்கும் முக்கியம்.

சிகிச்சை என்ன?

கட்டி சின்னதாக, கருப்பை வாய்க்குள் மட்டும் இருந்தால், கர்ப்பப்பையையும் சுற்றுத் திசுவையும் நிணநீர் முடிச்சுகளையும் சேர்த்து எடுக்கும் பெரிய ஆபரேஷன் செய்வது உண்டு. ஆனால் ஆபரேஷனோடு முடிந்துவிடாது. எல்லாம் எடுத்தாயிற்று என்று தெரிந்தாலும் கீமோ கொடுப்பார்கள். ரத்தத்தில் கலந்து போயிருக்கக்கூடிய செல்களைப் பிடிப்பதற்காக. சிலருக்கு முதலில் கீமோ கொடுத்துக் கட்டியைச் சுருக்கிவிட்டு ஆபரேஷனுக்குப் போவார்கள்.

கட்டி பெரிதாகவோ பக்கத்தில் பரவியோ இருந்தால், கீமோவும் கதிர்வீச்சும் சேர்த்துக் கொடுப்பார்கள். வெளியிலிருந்து கொடுக்கும் கதிர்வீச்சு சுமார் ஐந்து வாரம். அதன் பிறகு கருப்பை வாய்க்குள்ளேயே கருவி வைத்துக் கொடுக்கும் உள்கதிர்வீச்சு. இரண்டையும் சேர்த்து எட்டு வாரத்துக்குள் முடிப்பது நல்லது. ஊருக்குப் போய் வர, விசேஷம் பார்க்க என்று நடுவில் இடைவெளி விடாதீர்கள்.

கீமோவில் முக்கியமான மருந்துகள் எட்டோபோசைடும், சிஸ்பிளாட்டின் அல்லது கார்போபிளாட்டினும். சாதாரண கருப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் கொடுக்கும் மருந்துச் சேர்க்கையிலிருந்து இது வேறு. நுரையீரலில் வரும் சிறு செல் புற்றுநோய்க்குக் கொடுக்கும் மருந்துகளைத்தான் இங்கேயும் பயன்படுத்துகிறார்கள். வகையின் பெயர் ஏன் அவ்வளவு முக்கியம் என்பது இப்போது புரிந்திருக்கும்.

கீமோ நாட்களில் ஒரு விதி: காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால், மாத்திரை போட்டுக்கொண்டு விடியும் வரை காத்திருக்காதீர்கள். உடனே மருத்துவமனைக்குப் போங்கள். வண்டி இல்லையென்றால் 108.

குழந்தை வேண்டும் என்ற எண்ணம் உள்ள இளம்பெண் என்றால், சிகிச்சை தொடங்கும் முன்பே அதை டாக்டரிடம் சொல்ல வேண்டும். தொடங்கிய பிறகு சொன்னால் வழிகள் குறைந்துவிடும்.

அந்தச் சதவீதத்தை எப்படிப் படிப்பது?

இப்போது, அன்று ராத்திரி தூக்கத்தைக் கெடுத்த அந்த எண்ணுக்கு வருவோம். மறைக்க வேண்டியதில்லை. இது கடுமையான நோய். எல்லா நிலைகளையும் சேர்த்துப் பார்த்தால், ஐந்து ஆண்டுகளைத் தாண்டுபவர்கள் சுமார் பத்துப் பேரில் மூன்று அல்லது நான்கு பேர். பரவுவதற்கு முன்பே, ஆரம்ப நிலையில் கண்டுபிடித்துச் சிகிச்சை பெற்றவர்களில் இது கூடுதல். கட்டி சின்னதாக இருந்து, நிணநீர் முடிச்சில் இல்லையென்றால் இன்னும் நல்லது. தூரத்து உறுப்புகளுக்குப் பரவிய பிறகு என்றால் மிகக் குறைவு. சாதாரண வகை ஆரம்ப நிலையில் பத்துப் பேரில் எட்டு, ஒன்பது பேர் ஐந்து ஆண்டுகளைத் தாண்டுகிறார்கள் என்பதோடு ஒப்பிட்டால், வித்தியாசம் தெரியும்.

ஆனால் இந்த எண்ணைப் படிக்கும்போது சில விஷயங்களை யோசியுங்கள்.

இந்த எண்கள் சின்னச் சின்னக் கூட்டங்களிலிருந்து வந்தவை. அரிய நோய் என்பதால், ஒரு மருத்துவமனையில் பல ஆண்டுகளில் சேர்ந்தவர்கள் சில பத்துப் பேராக இருக்கலாம். அவர்களில் சிலருக்குச் சரியான கீமோ கிடைத்திருக்காது. சிலருக்கு வகையே தாமதமாகத் தெரிந்திருக்கும். இந்தக் குறையைச் சரிசெய்யத்தான் அமெரிக்காவின் ஹூஸ்டனில் உள்ள எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் மையம், இந்த ஒரு வகைக்கு மட்டும் பல நாட்டு நோயாளிகளின் விவரங்களைச் சேர்க்கும் தனிப் பதிவேட்டை நடத்துகிறது.

அடுத்து, அந்த எண் ஒரு கூட்டத்தைப் பற்றியது. அந்தக் கூட்டத்தில் நீங்கள் எந்தப் பக்கம் என்பதை அது சொல்லாது. அமெரிக்க விஞ்ஞானி ஸ்டீஃபன் ஜே கூல்டுக்கு 1982இல் ஓர் அரிய வயிற்றுப் புற்றுநோய் வந்தது. புத்தகத்தில் போட்டிருந்த நடு எண் எட்டு மாதம். அதாவது பாதிப் பேர் எட்டு மாதத்துக்குள், மீதிப் பாதிப் பேர் அதற்குப் பிறகு. அந்த ‘பிறகு’ எவ்வளவு நீளம் என்று அவர் கணக்குப் பார்த்தார். அது பல ஆண்டுகள் நீண்டிருந்தது. அவர் அதன் பிறகு இருபது ஆண்டு வாழ்ந்தார். எல்லோருக்கும் அப்படி நடக்கும் என்று யாராலும் உறுதி கொடுக்க முடியாது. ஆனால் ஒரு எண் ஒருவரின் முடிவுரை ஆகாது என்பதை அவர் கணக்குப் போட்டே காட்டினார்.

இன்னொன்று, எண் நாளுக்கு நாள் மாறும். இந்த நோய் திரும்பி வருவதாக இருந்தால் பெரும்பாலும் முதல் இரண்டு, மூன்று ஆண்டுகளுக்குள் வரும். அந்தக் காலத்தைத் தாண்டியவருக்கு, தொடக்கத்தில் சொன்ன எண் பொருந்தாது. அவருடைய வாய்ப்பு அதைவிட நல்லது. முதல் இரண்டு ஆண்டுகளில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை செக்கப்புக்கு வரச் சொல்வது இதற்காகத்தான். உடம்பு நன்றாக இருக்கிறதே என்று தேதியைத் தவறவிடாதீர்கள்.

ஆகவே “எத்தனை நாள் இருக்கு டாக்டர்?” என்று கேட்பதற்குப் பதில் இப்படிக் கேட்டுப் பாருங்கள்: “என் வகை என்ன, நிலை என்ன? முடிச்சில் இருக்கா? குணமாக்கும் நோக்கத்தோடு சிகிச்சை தர்றீங்களா, இல்ல கட்டுப்பாட்டில் வைக்கவா? முதல் ஸ்கேன் எப்போ, அதில் எதைப் பார்ப்பீங்க?” இந்தக் கேள்விகளுக்கு வரும் பதில், தேடுபொறி சொல்லும் எண்ணைவிட உங்களுக்குப் பொருந்தும்.

‘அம்மாகிட்ட சொல்லாதீங்க டாக்டர்’

இதை நம் மருத்துவமனை வராந்தாக்களில் தினமும் கேட்கலாம். பாசத்தில் சொல்வதுதான். ஆனால் அம்மாவுக்கு முடி கொட்டும், வாந்தி வரும், வார்டில் சுற்றியிருப்பவர்கள் பேசிக்கொள்வதும் காதில் விழும். அவருக்குத் தெரியாமல் இருக்காது. தெரிந்தும், பிள்ளைகள் வருத்தப்படுவார்களே என்று தெரியாததுபோல நடிப்பார். இரண்டு பக்கமும் தனித்தனியாக அழுவதில் என்ன லாபம்? நோயாளிக்குத் தன் உடம்பைப் பற்றித் தெரிந்துகொள்ளும் உரிமை உண்டு. “உங்களுக்கு எவ்வளவு தெரிஞ்சுக்கணும்மா?” என்று முதலில் அவரிடமே கேளுங்கள். அவர் கேட்கும் அளவுக்குச் சொல்லுங்கள்.

நோய் கட்டுக்கு அடங்காத நிலையிலும் செய்வதற்கு நிறைய இருக்கிறது. வலி, மூச்சுத்திணறல், ரத்தப்போக்கு, தூக்கமின்மை ஆகியவற்றைக் குறைப்பதற்கென்றே வலி தணிப்புச் சிகிச்சை இருக்கிறது. அதைக் கேட்டால் கைவிட்டுவிட்டோம் என்று அர்த்தமில்லை. முதல் நாளிலிருந்தே மற்ற சிகிச்சையோடு சேர்த்துப் பெறலாம். நடமாட முடியாதவர்களுக்கு ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் கீழ் வீட்டுக்கே வந்து இந்தச் சேவையைத் தருகிறார்கள். உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள்.

உங்கள் போனை இப்படிப் பயன்படுத்துங்கள்

* எல்லா ரிப்போர்ட்டையும் தேதி வாரியாகப் படமெடுத்து ஒரே ஃபோல்டரில் வையுங்கள். பயாப்ஸி, ஐ.எச்.சி., ஸ்கேன், டிஸ்சார்ஜ் சம்மரி ஆகிய நான்கும் அவசியம். வீட்டில் இன்னொருவர் போனிலும் ஒரு நகல் இருக்கட்டும்.
* ஆதார் எண்ணைக் கொண்டு 14 இலக்க ‘ஆபா’ சுகாதார எண்ணை உருவாக்கிக்கொள்ளுங்கள். மருத்துவமனை மாறும்போது ஆவணங்களை இணைக்க உதவும்.
* டாக்டரைப் பார்க்கப் போகும்முன் கேள்விகளை நோட்ஸில் எழுதி வையுங்கள். அனுமதி கேட்டு அவர் சொல்வதைப் பதிவு செய்துகொள்ளலாம்.
* ‘பதினைந்து நாளில் புற்றுநோய் போயே போச்சு’ என்று வரும் ஃபார்வர்டு மெசேஜை நம்பி ஒரு வாரம்கூட வீணாக்காதீர்கள். வேறு மருந்து, கஷாயம் எடுப்பதாக இருந்தால் புற்றுநோய் டாக்டரிடம் சொல்லிவிட்டு எடுங்கள்.
* சந்தேகம் இருந்தால் 104 மருத்துவ உதவி எண்ணுக்கு அழையுங்கள்.

பணத்துக்கு என்ன செய்வது?

ஆண்டு வருமானம் 1 லட்சத்து 20 ஆயிரம் ரூபாய்க்குள் இருக்கும் குடும்பங்கள், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேரலாம். குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு. புற்றுநோய்ச் சிகிச்சைகளும் இதில் அடங்கும். இன்னும் அட்டை இல்லையா? இ-சேவை மையத்தில் வருமானச் சான்றுக்கு விண்ணப்பியுங்கள். அது வந்ததும் குடும்ப அட்டை, ஆதாரோடு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டுத் திட்ட மையத்துக்குப் போங்கள். கட்டணமில்லா எண் 1800 425 3993. எந்த மருத்துவமனையில், எந்தச் சிகிச்சைக்கு இடமுண்டு என்று அங்கே கேட்டுக்கொள்ளுங்கள்.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் புற்றுநோய்ப் பிரிவுகள் உள்ளன. காஞ்சிபுரம் காரப்பேட்டையில் அரசின் பேரறிஞர் அண்ணா நினைவுப் புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954இல் தொடங்கப்பட்ட அடையாறு புற்றுநோய் மருத்துவமனையும் இருக்கிறது. எங்கே போனாலும், ஆபரேஷன், கீமோ, கதிர்வீச்சு ஆகிய மூன்று துறை மருத்துவர்களும் சேர்ந்து முடிவெடுக்கும் கூட்டத்தில் உங்கள் கேஸ் வைக்கப்படுமா என்று கேளுங்கள். அரிய வகைக்கு அது அவசியம். வெளியூர் போய் வருபவர்களுக்கு ரயில் கட்டணச் சலுகை உண்டு. நோயாளிக்கும் உடன் செல்லும் ஒருவருக்கும் பொருந்தும். மருத்துவமனையில் அதற்கான சான்று வாங்கிக்கொள்ளுங்கள்.

அடுத்த தலைமுறைக்கு

இந்த அரிய வகையும் பெரும்பாலும் எச்.பி.வி. வைரஸால் வருவதுதான். ஆகவே அதற்கான தடுப்பூசி இங்கேயும் கைகொடுக்கும். 9 முதல் 14 வயதுக்குள் போட்டுக்கொண்டால் பலன் அதிகம். வீட்டில் அந்த வயதில் பெண் குழந்தை இருந்தால் டாக்டரிடம் கேளுங்கள். 30 வயதைத் தாண்டிய பெண்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கருப்பை வாய்ப் பரிசோதனை செய்துகொள்ளலாம். கூச்சமாக இருந்தால் அக்காவையோ தோழியையோ கூட்டிக்கொண்டு போங்கள். சில நிமிட வேலை.

அந்த ஒன்பது மணி மெசேஜுக்கு மறுபடி வருவோம். அந்த ராத்திரியில் செய்ய வேண்டியது இவ்வளவுதான். ரிப்போர்ட்டைச் சேமித்து வையுங்கள். வீட்டில் நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லுங்கள். ‘எந்த வகை, எந்த நிலை, எப்போது தொடங்கலாம்’ என்ற மூன்று கேள்விகளை ஒரு தாளில் எழுதுங்கள். விடிந்ததும் மருத்துவமனைக்குப் போன் செய்து, இரண்டு நாள் கழித்து இருக்கும் அப்பாயின்ட்மென்ட்டை முன்னாடி மாற்ற முடியுமா என்று கேளுங்கள்.